கொலஸ்ட்ரால்: ரிப்போர்ட்டில் நாம் பார்க்காமல் விடும் வரிகள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான். 'டோட்டல் கொலஸ்ட்ரால்' 200க்குக் கீழே இருந்தால் "அல்ஹம்துலில்லாஹ், ஒன்றுமில்லை" என்று சொல்லி ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிடுகிறோம். கீழப்பாவூரிலும் பாவூர்சத்திரத்திலும் தென்காசியிலும் கடையநல்லூரிலும் இன்று லேப் இல்லாத தெரு குறைவு. பரிசோதனை செய்துகொள்ளும் பழக்கமும் முன்பைவிட வளர்ந்திருக்கிறது. ஆனால் அந்தத் தாளை வாசிக்கும் பழக்கம் வளரவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 48 வயது ஆண், சர்க்கரை நோய் உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். டோட்டல் கொலஸ்ட்ரால் 190, எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 260. முதல் வரியை மட்டும் பார்த்தால் எல்லாம் நார்மல். ஆனால் 190லிருந்து நல்ல கொலஸ்ட்ராலான 34ஐக் கழித்தால் மீதி 156. ரத்தக் குழாயில் படியக்கூடிய எல்லா வகைக் கொழுப்பும் சேர்ந்த தொகை இது. மருத்துவர்கள் இதை 'நான் எச்டிஎல்' என்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது 100க்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது 'நார்மல்' என்று பீரோவுக்குள் போன அந்தத் தாளில் உள்ளவர் உண்மையில் சிகிச்சை தேவைப்படுகிறவர்.

இது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ ரிப்போர்ட் அல்ல. தமிழ்நாட்டில் அடிக்கடி காணப்படும் ரிப்போர்ட்டே இப்படித்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய 'இந்தியாப்' ஆய்வின் முதல் கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதி மக்களின் ரத்தக் கொழுப்பை அளந்தார்கள். 2014ல் வெளியான அதன் முடிவில், டோட்டல் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் 13.9 சதவீதம் மட்டுமே. ஆனால் எச்டிஎல் குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவீதம். டிரைகிளிசரைடு கூடுதலாக இருந்தவர்கள் 29.5 சதவீதம். ஏதாவது ஒரு வரியிலாவது கோளாறு இருந்தவர்கள் 79 சதவீதம். பின்னர் நாடு முழுவதும் விரிவாக்கிய அதே ஆய்வு 2023ல் வெளியானபோது இந்த மொத்தக் கணக்கு 81.2 சதவீதமாக இருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு எழுதிய புத்தகத்தில் எல்டிஎல்தான் கதாநாயகன். நம் ஊர்க் கதையில் அதோடு குறைந்த எச்டிஎல்லும் கூடிய டிரைகிளிசரைடும் கைகோத்து வருகின்றன.

கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது?

கொலஸ்ட்ரால் என்றாலே விஷம் என்று நினைக்க வேண்டாம். உடம்பின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் அது இருக்கிறது. வைட்டமின் டி, ஆண் பெண் ஹார்மோன்கள், பித்தநீர் எல்லாம் அதிலிருந்துதான் உண்டாகின்றன. நம் உடம்புக்குத் தேவையான கொலஸ்ட்ராலில் பெரும் பகுதியை உடம்பே, முக்கியமாக ஈரல், தயாரித்துக்கொள்கிறது. தட்டிலிருந்து வருவது அதைவிடக் குறைவு.

எண்ணெய்ப் பசை உள்ள பொருள் ரத்தத்தில் கரையாது. எனவே அதை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எல்டிஎல் அப்படி ஈரலிலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் லாரி. இறக்க இடமில்லாமல் லாரிகள் பெருகினால் சரக்கு வழியிலேயே, ரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயே சிந்துகிறது. எச்டிஎல் சிந்தியதைப் பொறுக்கி ஈரலுக்குத் திருப்பிக் கொண்டு வரும் வண்டி. டிரைகிளிசரைடு என்பது நாம் செலவழிக்காமல் விட்ட மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேமிப்புக் கொழுப்பாக மாறியது.

எல்டிஎல் லாரிகளை ரத்தத்திலிருந்து இறக்கி எடுக்கும் 'வாசல்கள்' ஈரல் செல்களில் இருக்கின்றன என்பதைக் கண்டுபிடித்தவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள். 1985ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வாசல்கள் குறைந்தால் ரத்தத்தில் எல்டிஎல் தேங்குகிறது. நெய், டால்டா, பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் நிறைந்திருக்கும் பூரிதக் கொழுப்பு செய்கிற காரியம் அதுதான்: வாசல்களைக் குறைத்துவிடுகிறது.

எச்டிஎல் நல்லதாயிற்றே, அதை மாத்திரையால் கூட்டிவிடலாமே என்று கேட்கலாம். பெரிய பெரிய மருந்துக் கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்து அதை முயன்று பார்த்துவிட்டன. எண் கூடியது, மாரடைப்பு குறையவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்தின் ஆய்வை, அதைச் சாப்பிட்டவர்களிடையே மரணம் கூடியதால் 2006ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். எச்டிஎல் குறைவு என்பது ஒரு அடையாளம். வயிற்றுச் சதை, உட்கார்ந்தே இருப்பது, புகை, சர்க்கரை ஆகியவை உள்ளே வேலை செய்கின்றன என்பதற்கான அடையாளம். காரணத்தைச் சரிசெய்யாமல் அடையாளத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

எத்தனை இருந்தால் சரி?

எல்லோருக்கும் ஒரே எண் கிடையாது. பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். லேப் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சடித்திருக்கும் 'நார்மல் அளவு' நோயில்லாதவருக்கானது. உங்களுக்கானதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்திய இதயநோய் மருத்துவர்கள் சங்கம் 2024 ஜூலையில் நம் நாட்டுக்கென்றே கொலஸ்ட்ரால் வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி பொதுவாக ஆபத்துக் காரணங்கள் குறைந்தவர்களுக்கு எல்டிஎல் 100க்குக் கீழே, நான் எச்டிஎல் 130க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை உள்ள அதிக ஆபத்துக்காரர்களுக்கு எல்டிஎல் 70, நான் எச்டிஎல் 100. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் ஆகியோருக்கு எல்டிஎல் 55, நான் எச்டிஎல் 85. எனவே ஸ்டென்ட் வைத்த வாப்பாவின் ரிப்போர்ட்டில் எல்டிஎல் 95 என்று இருந்து, அதை லேப்காரர் 'நார்மல்' என்று அச்சடித்திருந்தால், அது நார்மல் அல்ல.

அதே வழிகாட்டுதல் சொல்லும் இன்னொன்று நமக்கு வசதியானது. முதல் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. சாப்பிட்ட பிறகும் எடுக்கலாம். டிரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் மறுபடி வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அது 400ஐத் தாண்டினால் எல்டிஎல்லைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் தப்பாகிவிடும். ரமழானில் பரிசோதனை தள்ளிப்போகிறது என்று சொல்பவர்கள் இஃப்தாருக்குப் பின் மாலையில் திறந்திருக்கும் லேபுக்குப் போகலாம்.

முதல் பரிசோதனையை 18 வயதிலேயே செய்துவிட வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டுதல். குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு இருந்தால் அதற்கும் முன்பே. வாழ்நாளில் ஒரே ஒரு முறை 'லைப்போபுரோட்டீன் ஏ' என்ற அளவையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இது பிறவியில் வருவது, உணவால் மாறாது. 50 மில்லிகிராமுக்கு மேல் இருப்பவர் இந்தியாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவர். 'சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது, மெலிந்த உடம்பு, நாற்பது வயதில் அட்டாக்' என்று நாம் வியந்து பேசும் பலருக்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

வளைகுடாவிலிருந்து வரும் ரிப்போர்ட்

நம் மாவட்டத்தில் சவூதியிலோ அமீரகத்திலோ கத்தாரிலோ ஒருவர் இல்லாத முஸ்லிம் வீடு குறைவு. அங்கிருந்து வாட்ஸ்அப்பில் வரும் ரிப்போர்ட்டில் 'எல்டிஎல் 4.2' என்று இருக்கும். இங்கே நூறுகளில் பார்த்துப் பழகிய நமக்கு அது ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். காரணம், அங்கே பல லேபுகளில் அளவு மில்லிமோலில் இருக்கும், இங்கே மில்லிகிராமில். கொலஸ்ட்ரால், எல்டிஎல், எச்டிஎல் மூன்றையும் 38.67ஆல் பெருக்க வேண்டும். அந்த 4.2 நம் கணக்கில் 162. டிரைகிளிசரைடை மட்டும் 88.57ஆல் பெருக்க வேண்டும், 2.3 என்றால் 204.

தனியாக இருக்கும் ஆண்கள் இரவு வேலை முடிந்து சாப்பிடும் குப்பூஸும் பொரித்த கோழியும், இனிப்பு அதிகமான டீயும் குளிர்பானமும் டிரைகிளிசரைடைக் கூட்டுவதற்கு வேறு துணை தேவையில்லை. விடுமுறையில் ஊருக்கு வரும்போது கல்யாணம், விருந்து, குற்றாலம் என்று நாள்கள் ஓடிவிடுகின்றன. வந்த முதல் வாரத்திலேயே ஒரு காலையை லேபுக்கு ஒதுக்கினால் மருந்து தொடங்கவும் ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும் நேரம் இருக்கும். போகிற நாளுக்கு முந்தின நாள் எடுக்கும் ரிப்போர்ட்டால் யாருக்கும் பயனில்லை.

தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதை 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. அதை வழிநடத்தியவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப். 2004ல் வெளியான அந்த ஆய்வில் மாரடைப்புக்கான ஆபத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஒன்பது காரணங்களுக்குள் அடங்கிவிட்டது. அவற்றில் முதல் இரண்டு: ரத்தக் கொழுப்பு, புகை. சம்பாதிக்கும் வயதில் ஒருவர் போய்விட்டால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பதை நம் தெருக்களில் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பரோட்டா, நெய்ச்சோறு, நோன்புக் கஞ்சி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "முட்டையில் உள்ள கொலஸ்ட்ராலால் ஒன்றும் ஆகாது, அமெரிக்காவே ஒப்புக்கொண்டுவிட்டது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்க உணவு வழிகாட்டுதலில் இருந்த, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற வரம்பை 2015-2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஆனால் பூரிதக் கொழுப்புக்கான வரம்பை எடுக்கவில்லை. ரத்தத்தில் எல்டிஎல்லை ஏற்றுவதில் உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிடப் பூரிதக் கொழுப்புக்கே பங்கு அதிகம் என்பதுதான் அதன் பொருள். ஒரு நாளைக்கு ஒரு முட்டை பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. ஆட்டு மூளை வேறு கதை: 100 கிராமில் 1000 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் இருக்கிறது. எல்டிஎல் கூடியவர்கள் மூளை வறுவலை மறந்துவிடுவது நல்லது. ஈரல் ஹஜ்ஜுப் பெருநாள் அன்று ஒரு துண்டு என்றால் சரி. வாரா வாரம் வேண்டாம்.

ஆட்டுக்கறியைப் பலர் தேவைக்கு மேல் குற்றம் சொல்கிறார்கள் என்பது எங்கள் கருத்து. கொழுப்பு நீக்கிய தொடைக்கறி நூறு கிராம், வாரம் ஓரிரு முறை, யாரையும் கெடுக்காது. கெடுப்பது கறியோடு சேர்த்துப் போடும் கொழுப்பும், தாளிக்க ஊற்றும் நெய்யும் டால்டாவும், அதோடு சாப்பிடும் சோற்றின் அளவும். வலீமா விருந்தில் பிரியாணி ஒரு தட்டோடு நிற்பதில்லையே! குர்பானிக்குப் பின் ஃபிரிட்ஜ் நிறைந்திருக்கும் வாரங்களில் மூன்று வேளையும் கறி என்ற நிலை வரும். அப்போது கறியின் மேல் படிந்து உறையும் வெள்ளைக் கொழுப்பை மறுபடி சூடாக்குவதற்கு முன் கரண்டியால் எடுத்துப் போட்டுவிடுங்கள். இதைவிட எளிதான வைத்தியம் கிடையாது.

சாரல் காலத்தில் குற்றாலம் போய்விட்டுப் பரோட்டா சாப்பிடாமல் திரும்புவது நம் ஊர்க்காரர்களுக்கு முடியாத காரியம். செங்கோட்டை சாலையில் பார்டர் பரோட்டாவுக்கென்றே மதுரையிலிருந்தும் ஆள் வருகிறார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை சாரலில் நனைந்து வந்து சாப்பிடும் பரோட்டாவால் யாருக்கும் அடைப்பு வருவதில்லை. வாரத்தில் நாலு இரவு பார்சல் வாங்கி வரும் பரோட்டாதான் கணக்கில் சேர்கிறது. மைதா டிரைகிளிசரைடை ஏற்றுகிறது, எண்ணெயும் சால்னாவில் மிதக்கும் கொழுப்பும் எல்டிஎல்லை ஏற்றுகின்றன. ஒரே உணவில் இரண்டு வேலையும் நடக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல். கேரள எல்லை அருகில் இருப்பதால் தேங்காய் எண்ணெய்ச் சமையல் சகஜம். ரேஷனில் பாமாயில் குறைந்த விலையில் கிடைக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் பூரிதக் கொழுப்பு. பாமாயிலில் பாதி. நெய்யில் 60 சதவீதத்துக்கு மேல். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது 20 சதவீதத்துக்குள் அடங்கும். 'செக்கில் ஆட்டியது' என்பதால் தேங்காய் எண்ணெயின் பூரிதக் கொழுப்பு குறைந்துவிடாது. ரேஷன் பாமாயிலை வாங்கவே கூடாது என்று சொல்ல நாம் தயாரில்லை. விலைவாசி எல்லோருக்கும் தெரியும். அதைப் பாதியாகவும் கடலை எண்ணெயைப் பாதியாகவும் பயன்படுத்தலாம். மொத்த அளவைக் குறைப்பது அதைவிட முக்கியம். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது டயட்டீஷியன்கள் பொதுவாகச் சொல்லும் உச்ச அளவு. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் காலியாகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

டால்டாவில் இருந்த டிரான்ஸ் கொழுப்புதான் எல்லாவற்றிலும் மோசம். எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லை இறக்கும். 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சும் கடாயில் அது புதிதாகவும் உண்டாகும். ரமழானில் அஸருக்குப் பின் தெருவுக்குத் தெரு முளைக்கும் சமோசா, வடை, கட்லெட் கடைகளில் எண்ணெயின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நோன்புக் கஞ்சியின் மேல் நமக்குப் புகார் இல்லை. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொஞ்சம் கறி சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி, பசித்த வயிற்றுக்கு ஏற்ற உணவு. பக்கத்தில் வைக்கும் தட்டில்தான் விஷயம் இருக்கிறது. கஞ்சி, பேரீச்சம்பழம் மூன்று, ஒரு கிண்ணம் சுண்டல் என்று இஃப்தார் முடிந்தால், தராவீஹ் தொழப் போகும்போதும் உடம்பு இலேசாக இருக்கும். நோன்பு வைத்தால் கொலஸ்ட்ரால் குறையுமா என்று கேட்கிறார்கள். ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. இரவில் என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

சாப்பிட வேண்டியவை? நம் பக்கத்து வயலில் விளையாதது எதுவும் தேவையில்லை. கொண்டைக்கடலை, பாசிப்பயறு, அவரை, வெண்டைக்காய், கத்தரிக்காய், கொய்யா. இவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றுகிறது. ஈரல் மறுபடி பித்தநீர் தயாரிக்க ரத்தத்திலுள்ள எல்டிஎல்லை எடுத்துக்கொள்கிறது. மத்தி (நம் பக்கம் சாளை), அயிலை வாரம் இரண்டு நாள், பொரிக்காமல் குழம்பாக. சோறு தட்டில் கால் பங்குக்குள், காய்கறி அரைப் பங்கு. இதைச் சொல்வது எளிது, உம்மாமார்களிடம் செய்யவைப்பதுதான் கஷ்டம். சோறு குறைத்துப் போட்டால் பாசம் குறைந்துவிட்டதாக நினைப்பார்கள்.

நடை வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம். பஜ்ருத் தொழுதுவிட்டு நேரே வீட்டுக்குப் போகாமல் குளத்துக்கரைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தால் அரை மணி நேரம் ஆகிவிடும். பெண்களுக்குத் தெருவில் நடப்பது கூச்சமாக இருந்தால் மொட்டை மாடி இருக்கிறது. பீடி, சிகரெட் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டாம். பீடி சுற்றும் தொழில் நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சோறு போடுகிறது என்பது உண்மை. அதைப் புகைப்பவருக்கு எச்டிஎல் இறங்குகிறது என்பதும் உண்மை.

கருஞ்சீரகமும் மாத்திரையும்

கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியை அறியாதவர் நம் வீடுகளில் இல்லை. சிறிய ஆய்வுகளில் அது கொலஸ்ட்ராலை ஓரளவு குறைப்பதாகவும் தெரிகிறது. தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாகச் சாப்பிடுவது, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற அறிவுரையையும் தந்த மார்க்கத்தைப் பாதியாகப் புரிந்துகொள்வது. பூண்டு, வெந்தயம், எலுமிச்சை-தேன் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

ஸ்டாட்டின் மருந்துகளின் கதை 1973ல் ஜப்பானில் தொடங்குகிறது. அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, ஈரலில் கொலஸ்ட்ரால் தயாராவதைத் தடுக்கும் பொருளை ஒரு பச்சைப் பூஞ்சையில் கண்டுபிடித்தார். 1994ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்தது. அதற்குப் பின் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்டிஎல்லை ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன.

இதை எழுதும்போது நாம் மனதில் வைத்திருப்பது ஒரே ஒரு வகை மனிதரை: ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, ரிப்போர்ட் நார்மலானதும் தானாகவே நிறுத்திவிடுகிறவர். எண் இறங்கியது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஒருமுறை அட்டாக் வந்தவர் இப்படி நிறுத்துவது மிக ஆபத்தானது.

பக்கவிளைவு பற்றிய பயமும் இருக்கிறது. தசை வலி சிலருக்கு உண்மையாகவே வரும். ஆனால் 2020ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியவர்களுக்குச் சில மாதம் ஸ்டாட்டினும், சில மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டினால் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது! கடுமையான வலி, சிறுநீர் கறுத்துப் போவது என்று இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாதாரண வலி என்றால் அளவைக் குறைக்கவோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவோ வழி உண்டு. ரத்தச் சர்க்கரை இலேசாக ஏறலாம் என்பதும் உண்மைதான். சர்க்கரை நோயாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அதைவிடப் பெரியது. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களும் மட்டும் மருத்துவரிடம் சொல்லி நிறுத்தி வைக்க வேண்டும். பெண்களுக்கு இன்னொன்று: திடீரென்று எல்டிஎல் கூடினால் தைராய்டையும் பாருங்கள். தைராய்டு குறைவுக்கு மருந்து எடுத்தாலே கொலஸ்ட்ரால் இறங்கிவிடுவதுண்டு.

ரமழானில் மாத்திரையை விட வேண்டிய தேவையே இல்லை. அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் ஒரு நாளைக்கு ஒரு முறைதான்; எந்த நேரமும் எடுக்கலாம். இஃப்தாருக்குப் பின்போ தராவீஹுக்குப் பின்போ ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் மருந்தகங்களிலும், 2025ல் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் இவை குறைந்த விலையில் கிடைக்கின்றன.

சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்பவர்கள் கவனிக்க

எல்டிஎல் 190க்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் பரோட்டாவின் வேலை அல்ல, பரம்பரையின் வேலையாக இருக்கலாம். பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் கண்டுபிடித்த அந்த வாசல் பிறவியிலேயே குறைவாக அமைந்த குடும்பங்கள் இருக்கின்றன. உலகில் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குதிகால் நரம்பு தடிப்பது, கைமுட்டிகளில் கட்டி, கண் இமையில் மஞ்சள் திட்டு ஆகியவை இதன் அடையாளங்களாக இருக்கலாம். அடையாளமே இல்லாமலும் இருக்கும்.

மாமா மகள், மாமி மகன் என்று சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்வது நம்மிடையே இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. தாய் தந்தை இருவருக்கும் ஒரே கோளாறு இருந்தால், நான்கில் ஒரு பிள்ளை அதை இரண்டு பக்கமிருந்தும் பெறக்கூடும். அந்தப் பிள்ளையின் எல்டிஎல் 400ஐத் தாண்டும். பள்ளிக்கூட வயதிலேயே இதயக் குழாய் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. இதை யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. சம்பந்தம் செய்யாதீர்கள் என்றும் சொல்லவில்லை. குடும்பத்தில் 55 வயதுக்குள் அட்டாக் வந்த ஆணோ, 65க்குள் வந்த பெண்ணோ இருந்தால் மணமக்கள் இருவரும் ஒரு லிப்பிட் பரிசோதனை செய்துகொள்ளட்டும். நகைக்கும் சீருக்கும் ஆகும் செலவில் இது ஒரு தூசு. ஒருவருக்குக் கோளாறு உறுதியானால் அவருடைய உடன்பிறப்புகளுக்கும் பிள்ளைகளுக்கும் பார்த்துவிட வேண்டும்.

அந்த முதல் மணி நேரம்

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு நாள் நெஞ்சு வலி வரலாம். நடு நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலோ குமட்டலோ அசதியோ மட்டும் வரலாம். "கேஸ் பிடித்திருக்கிறது" என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து விடியும்வரை காத்திருப்பதுதான் நம் ஊர்களில் பல உயிர்களைக் கொண்டுபோகிறது.

கீழப்பாவூரிலிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 40 கிலோமீட்டர். தென்காசி அரசு தலைமை மருத்துவமனை அதைவிட அருகில். அதற்கும் முன்னால் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு அங்கேயே முதல் மருந்து கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14 மாத்திரை. பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போகிறேன் என்று கார் தேடிக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் இந்த மருந்து உள்ளே போயிருக்கும். நோயாளியை நடக்கவிடாதீர்கள், பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கடைசி ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்பு நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குகிறது. அந்த அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்று வாப்பாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. உம்மாவுக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.